பதினோரு பேர், இரண்டு நாள் பெட்ரா: ஒரு ஜோர்டான் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஷார்ஜாவிலிருந்து பதினோரு பேர் ஜோர்டான் போய்வந்தோம். எட்டு நாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, எல்லாரும் நல்லபடியாகத் திரும்பினோம். இருந்தும் இதை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம், ஐந்தாம் நாள் மதியம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் எங்களில் நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மழை மேகம் திரண்டு நின்றது. இருந்த இடம், பாறையில் குடைந்த பழங்கால நகரமான பெட்ரா. அந்த நாலு பேரில் ஒருத்தி என் தங்கை மகள், பதினாலு வயது.

பயணத்தை ஏற்பாடு செய்தது நான்தான். தொழிலாக இல்லை, வருஷத்துக்கு ஒரு முறை சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவது வழக்கம். ஆகவே தவறும் என்னுடையதுதான்.

குழுவும் திட்டமும்

குழுவில் மூத்தவர் 73 வயது மாமா, அடுத்து 71 வயது அத்தை. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு சித்தப்பா, தங்கை குடும்பம் மூன்று பேர், அத்தையின் மகனும் மருமகளும், வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் நான். ஓட்டுநரோடு ஒரு மினி பஸ். பெட்ராவுக்கு மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர்.

செலவில் ஒரு விஷயம் சரியாகச் செய்தோம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, சுற்றுலா இடங்களின் நுழைவுச் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்த ‘ஜோர்டான் பாஸ்’ ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம். பெட்ராவில் இரண்டு நாள் அனுமதியுள்ள பாஸ் 75 தினார். நாட்டில் குறைந்தது மூன்று இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணம் தள்ளுபடி. பெட்ராவின் இரண்டு நாள் டிக்கெட் தனியாக வாங்கினால் 55. ஜெராஷுக்கு 10, வாதி ரம் பாலைவனத்துக்கு 5. ஆக 110 ஆக வேண்டியது 75-இல் முடிந்தது. ஒரு தினார் என்பது ஏறக்குறைய 1.41 டாலர் என்பதை நினைவில் வைத்தால், பதினோரு பேருக்கு மிச்சமான 385 தினார் சின்னத் தொகை இல்லை.

வழி எல்லாரும் போகிற வழிதான்: அம்மான், வடக்கே ஜெராஷ், பிறகு தெற்கே மதபா, கெராக் கோட்டை, பெட்ரா, வாதி ரம், சாக்கடல், திரும்ப அம்மான்.

ஜெராஷ் எங்களை ஏமாற்றியது

இரண்டாம் நாள் ஜெராஷ். ரோமானியர் காலத்து கெராசா. பேரரசன் ஹாட்ரியன் வந்துபோன சமயத்தில், கி.பி. 129-130 வாக்கில், எழுப்பிய வளைவு வழியாகத்தான் இன்றும் உள்ளே போகிறோம். நீள்வட்ட முற்றம், அதிலிருந்து நேராக ஓடும் தூண் வரிசைத் தெரு. தெருவின் கற்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் அப்படியே இருக்கிறது. 749-இல் வந்த பெரிய நிலநடுக்கம் ஊரைச் சாய்த்த பிறகு மணலும் மண்ணும் மூடிக் கிடந்ததுதான் இவ்வளவு மிஞ்சியதற்கு ஒரு காரணம்.

ஆனால் இந்த ஆய்வுக்கு ஜெராஷ் முக்கியமாவது வேறு விதத்தில். அங்கே தரை பெரும்பாலும் சமம், பார்வைக்குத் தடையில்லை, யார் எங்கே நின்றாலும் தெரியும். அத்தை மெதுவாக நடந்தார், நாங்கள் நின்று நின்று போனோம், இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. நிறைய நேரம் மிச்சமிருந்தது. ‘பதினோரு பேரும் ஒன்றாகவே போகலாம், கஷ்டமில்லை’ என்று அன்றைக்கு மனதில் முடிவு கட்டிவிட்டேன். இடிபாடுகள் என்றாலே இப்படித்தான் என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் அடுத்த தவறு. அம்மானிலிருந்து பெட்ராவுக்குப் பாலைவன நெடுஞ்சாலையில் போனால் மூன்று மணி நேரம். நான் தேர்ந்தெடுத்தது மலைவழியான பழைய ராஜபாதை. மதபா தேவாலயத் தரையில் ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம், நெபோ மலை, வாதி மூஜிப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் கொண்டை ஊசி வளைவுகள், சிலுவைப் போர்க்காலத்து கெராக் கோட்டை. ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியதுதான். ஒரே நாளில் இல்லை. நவம்பரில் சீக்கிரமே இருட்டிவிடும். பெட்ராவை ஒட்டிய ஊரான வாதி மூசாவுக்கு இருட்டில், பசியோடு, இரண்டு பேர் வாந்தி எடுத்த நிலையில் வந்து சேர்ந்தோம். ஆறு மணிக்கே பெட்ரா வாசல் திறக்கும் என்று தெரிந்தும் மறுநாள் நாங்கள் உள்ளே போனது ஒன்பதரைக்கு.

நான்காம் நாள்: எல்லாரும் ஒன்றாக

பெட்ராவின் அளவைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வாசலிலிருந்து இறக்கத்தில் 800 மீட்டர். அப்புறம் ‘ஸிக்’ என்னும் பாறைப் பிளவு, 1.2 கிலோமீட்டர். சில இடங்களில் மூன்று மீட்டர்தான் அகலம், இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். அது முடிகிற இடத்தில், பாறையில் குடைந்து நிற்கிறது அல் கஸ்னா. நாற்பது மீட்டர் உயரம். படங்களில் எல்லாரும் பார்த்தது அதைத்தான். பெரும்பாலோர் அதுதான் பெட்ரா என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஊரின் வாசல் மாதிரி. அதைத் தாண்டி முகப்புகளின் தெரு, பாறையில் வெட்டிய அரங்கம், எதிரே அரச கல்லறைகள், தூண் வரிசைத் தெரு, கஸ்ர் அல் பின்த் கோயில். வாசலிலிருந்து அதுவரை கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர். அங்கிருந்து 800-க்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் அத்-தெய்ர் என்னும் மடாலயம். திரும்பி வருவதும் அதே வழி, கடைசிப் பகுதி ஏற்றம்.

நாங்கள் உள்ளே போன நேரத்தில் அகாபா துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் பயணிகளின் பஸ்களும் வந்து இறங்கிவிட்டன. ஸிக்கில் நெரிசல். வழிகாட்டி ஓரமாக நிறுத்திச் சுவரில் ஓடும் நீர்க்கால்வாயைக் காட்டினார்: ஒரு பக்கம் திறந்த வாய்க்கால், மறுபக்கம் சுடுமண் குழாய் பதித்த தடம். இந்த நகரத்தைக் கட்டிய நபாட்டியர்கள் சாம்பிராணி வணிகத்தால் பணக்காரர்கள் ஆனவர்கள் என்று படித்திருக்கிறோம். பாலைவன விளிம்பில் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்க முடிந்ததற்கு இந்தத் தண்ணீர் வேலைதான் அடிப்படை. கி.பி. 106-இல் ரோம் இந்த நாட்டை எடுத்துக்கொண்ட பிறகும் நகரம் ஓய்ந்துவிடவில்லை. 363 நிலநடுக்கம்தான் பெரிய அடி.

இரண்டு மணிக்கு மடாலயப் படிகளின் அடியில் நின்றோம். அத்தை நூறு படி ஏறியிருப்பார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

“நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

யாரும் போகவில்லை. அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போவது எப்படி என்று பத்துப் பேரும் நின்றோம். கழுதையில் ஏற்றலாமா என்று பேச்சு வந்தது. அந்தக் குறுகல் படிகளில் கழுதைகள் படும் பாட்டைப் பார்த்த பிறகு யாருக்கும் மனம் வரவில்லை. கால் மணி நேரம் விவாதித்தோம். ஒளி சாயத் தொடங்கியது. எல்லாரும் திரும்பினோம். அன்றைக்கு மடாலயத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் மோசம். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னால எல்லாருக்கும் கெட்டுப்போச்சு” என்றார். அவரால் இல்லை. காலையிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

நம்மவர்களிடம் இது உண்டு. குழு என்றால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும், பிரிந்தால் மரியாதைக் குறைவு. முடியாதவர் ‘முடியாது’ என்று முன்னாலேயே சொல்ல மாட்டார். முடிகிறவர் ‘நான் போகிறேன்’ என்று சொல்லக் கூச்சப்படுவார்.

ஐந்தாம் நாள்: மூன்றாகப் பிரிந்தோம்

முந்தைய நாள் சூடு பட்டதால் மறுநாள் எதிர்ப்பக்கம் ஓடினேன். மூன்று அணி.

முதல் அணியில் தங்கை கணவர், மகள், இரண்டு பையன்கள், கூடவே வழிகாட்டி. இவர்கள் பெட்ராவுக்கு வடக்கே உள்ள ‘சின்ன பெட்ரா’ இடிபாடுகள் பக்கம் வண்டியில் போய், மலைப்பாதை வழியாகப் பின்பக்கமிருந்து மடாலயத்தை அடைவார்கள். இரண்டு, இரண்டரை மணி நேர நடை. 800 படிகளை ஏற வேண்டாம், இறங்கினால் போதும்.

இரண்டாம் அணி நான், தங்கை, சித்தப்பா. அரங்கத்துக்கு முன்னால் பிரிந்து ஏறும் படிகளில் பலிபீட உச்சிக்கு.

மூன்றாம் அணியில் அத்தை, மாமா, மகன், மருமகள். மின்வண்டியில் அல் கஸ்னா வரை வந்து, மெல்ல நடந்து அரச கல்லறைகளுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்வார்கள்.

காகிதத்தில் அழகான திட்டம். இரண்டு ஓட்டைகள். மழை வருமா என்று காலையில் போனில் பார்த்தேன். பார்த்தது அம்மானுக்கான வானிலை. அம்மான் அங்கிருந்து 230 கிலோமீட்டர் வடக்கே. இரண்டாவது, எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று யாரிடமும் சொல்லவில்லை. ‘வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம்’ என்றேன்.

மலை உச்சியில் காற்று மாறியபோது மணி 12.20. தெற்கே வானம் கறுத்திருந்தது. இறங்க ஆரம்பித்தோம். 12.50-க்கு தேநீர்க் கடைக்கு வந்தபோது கடைக்காரப் பெண்மணி, அந்தப் பகுதியின் பெதூயின் பழங்குடியைச் சேர்ந்தவர், மேசைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேலே கையைக் காட்டினார், பிறகு ஸிக் பக்கம் காட்டினார். போய்விடுங்கள் என்பது புரிந்தது. தலை எண்ணினேன். ஏழு.

தங்கை போனை நீட்டினாள். “அண்ணா, பாப்பாவுக்கு ஒரு டிக்தான் விழுது.”

ஏன் மழைத்துளிகூட விழாத இடத்தில் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். வாதி மூசா என்பது ஊரின் பெயர் மட்டுமில்லை, அந்த ஓடையின் பெயரும் அதுதான். மழை விழுவது மேலே மலையில். மண் குறைந்த பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாது. பல கிலோமீட்டர் பரப்பில் விழுந்ததெல்லாம் ஒரே பள்ளத்தில் சேர்ந்து கீழே வரும். அந்தப் பள்ளத்தின் இயல்பான வழி ஸிக். நபாட்டியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஸிக்கின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்த அணை காலப்போக்கில் சிதைந்துபோனது. 1963 ஏப்ரலில் ஸிக்குக்குள் இருந்த பிரெஞ்சுப் பயணிகள் குழு ஒன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய அணையின் தடத்திலேயே புது அணை எழும்பியது. இப்போது உள்ளே போகிறவர்கள் அதன் மேல்தான் நடக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் கவனிப்பதில்லை.

அணை இருந்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்துப் பள்ளங்களிலிருந்தும் தண்ணீர் நகரத்துக்குள் வரும். 2018 நவம்பர் 9-ஆம் தேதி திடீர் வெள்ளம் வந்தபோது பெட்ராவிலிருந்து 3,700-க்கும் அதிகமானவர்களை வெளியேற்றினார்கள். அன்றைய மழையில் நாட்டின் பல இடங்களிலுமாகப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். இதெல்லாம் போவதற்கு முன்பே படித்திருந்தேன். படித்துவிட்டு நவம்பரில் இரண்டு நாள் போட்டிருந்தேன்.

முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அத்தையால் கல்லறைப் படிகளில் ஏறி உயரமான இடத்தில் ஒதுங்க முடியாது. ஆகவே அவர்கள் உடனே வெளியேற வேண்டும். அல் கஸ்னாவரை நடந்து, மின்வண்டிக்கு வரிசையில் நின்றார்கள். எல்லாரும் அதே நேரத்தில் அதையேதான் நினைத்திருந்தார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் இடம் கிடைக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. மகனும் மருமகளும் வண்டிக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

நாங்கள் மூன்று பேர் அரச கல்லறைகளில் ஒன்றின் மேல்முற்றத்துக்கு ஏறினோம். தங்கை மடாலயம் பக்கம் போய்த் தேட வேண்டும் என்றாள். சித்தப்பா தடுத்தார்: “ஓடைப் பக்கமா இறங்கிப் போய், அவங்க இந்தப் பக்கம் வந்துட்டா? அப்புறம் உன்னை யார் தேடுறது?” அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம்தான் சரியான முடிவு. நானாக இருந்தால் போயிருப்பேன்.

1.15-க்கு மழை பிடித்தது. இருபத்தைந்து நிமிடம். கீழே ஓடைத் தடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது, கணுக்கால் அளவுதான் இருக்கும். வெள்ளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எங்கே நிற்கும் என்று மேலே இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. 2.20-க்கு ‘டிக்’ இரண்டாகி நீலமானது. மாப்பிள்ளை அனுப்பிய படம்: மடாலயத்துக்கு எதிரே இருக்கும் குகைக் கடையில் நாலு பேரும் தேநீர்க் குவளையோடு. வழிகாட்டி காலை பதினொன்றரைக்கே மேகத்தைப் பார்த்துவிட்டு, ‘இறங்கக் கூடாது, மழை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான்’ என்று உட்கார வைத்துவிட்டாராம். அவருடைய விதி எளிமையானது: தண்ணீர் வரும்போது வாசலைப் பார்த்து ஓடாதே, மேலே ஏறி உட்கார்.

அவர்கள் கவலையே இல்லாமல் இருந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல வழியில்லாதது மட்டும்தான் குறை. காவலர்கள் ஸிக்கைத் திறந்துவிட்ட பிறகு பதினோரு பேரும் வாசலில் சேர்ந்தபோது மணி நாலரை. அத்தை அழுதார். பாப்பாவுக்கு ஏன் என்றே புரியவில்லை.

பிரிந்தது தவறா?

இதைப் பற்றி அன்றிரவு நீண்ட பேச்சு. மாமாவின் கட்சி, பிரிந்ததால்தான் இந்தப் பாடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒன்றாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அத்தையோடு பதினோரு பேரும் மடாலயப் படிகளுக்கும் ஸிக்குக்கும் நடுவில் எங்கோ ஓடைப் படுகையில் நின்றிருப்போம். பிரிந்தது சரி. பிரிவதற்கு முன் பேச வேண்டியதைப் பேசாததுதான் பிழை. இருபது, முப்பது பேர் வரும் குழுவால் மூன்றாகப் பிரிய முடியாது. ஒரு கொடி, ஒரு வழிகாட்டி, ஒரு நேரம். பத்துப் பேரால் முடியும். சிறிய குழுவாகப் போவதில் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான் என்பது என் கட்சி. மலிவு, நெருக்கம் என்பதெல்லாம் பிறகு. ஆனால் அதற்கு போனை நம்பாத ஏற்பாடு வேண்டும்.

மறுநாள் காலை மினி பஸ்ஸிலேயே பேசி முடித்தோம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு இடம், இரண்டு நேரம். முதல் நேரத்துக்கு வர முடியாவிட்டால் இரண்டாம் நேரம்வரை யாரும் தேடிக் கிளம்பக் கூடாது. மழை என்றால் இருக்கும் இடத்திலேயே, உயரத்தில். ஒவ்வொரு அணியிலும் நேரம் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு; பாப்பா தன் அணிக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாதி ரம்மில் சோதித்துப் பார்த்தது

ஆறாம் நாள் வாதி ரம். பெட்ராவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே வேறு சிக்கல் காத்திருந்தது. நாங்கள் முன்பணம் கட்டிய ஏற்பாட்டாளர் ‘பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் கூடாரம்’ என்று எழுதியிருந்தார். கொண்டுபோய் விட்ட இடம் அதற்கு வெளியே, தீசி கிராமத்தின் பக்கம். இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. வாதி ரம் என்ற பெயரில் விற்கப்படும் கூடாரங்களில் பல அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. மோசமான இடம் என்று சொல்ல முடியாது, மணலும் பாறையும் அங்கேயும் உண்டு. ஆனால் சாலை விளக்கு தெரிகிறது. முன்பதிவு செய்யும்போதே வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது அன்று கற்றது. சண்டை போட்டு ஒரு இரவுக் காசில் பாதியைத் திரும்ப வாங்கினோம், அதுவும் ஊருக்கு வந்து மூன்று வாரம் கழித்து.

(தீசி என்ற பெயர் அம்மானில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மணலுக்கு அடியில் உள்ள பழங்கால நிலத்தடி நீரைத்தான் 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தலைநகருக்குக் கொண்டுபோகிறார்கள். நபாட்டியர் பாறையில் செதுக்கியதன் தொடர்ச்சி மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு வித்தியாசம், இந்தத் தண்ணீர் திரும்ப ஊறாது.)

ஜீப் என்று சொல்வது பின்னால் இருக்கை போட்ட பிக்கப் வண்டி, ஆறு பேருக்குத் தாராளம். இரண்டு வண்டி எடுத்தோம். ஒன்று மெதுவான வண்டி: கஸலி பள்ளத்தில் பாறைக் கீறல்கள், நிழலில் தேநீர், அவ்வளவுதான். இந்தப் பகுதியில் 25,000 பாறைச் சித்திரங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ பதிவு சொல்கிறது. 2011-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு மணற்கல் மலைகளோடு இவையும் காரணம். மற்ற வண்டி மணல் மேடும் பாறைப் பாலமும் ஏறப் போனது. சந்திக்கும் இடம், சூரியன் மறைவதைப் பார்க்க ஓட்டுநர்கள் குறித்துக்கொடுத்த ஒரு பாறை, நாலேகால் மணி. நாலு பத்துக்கே இரண்டு வண்டியும் வந்துவிட்டன. போன் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

இரவு மண்ணுக்கடியில் புதைத்துச் சமைக்கும் ‘ஸர்ப்’. சைவம் சாப்பிடும் இரண்டு பேருக்குத் தனித் தட்டில் காய்கறி வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டிருந்தோம், வைத்தார்கள். குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போனது. பாலைவனம் என்று மெல்லிய சட்டையோடு வந்த பையன்கள் இரண்டு பேரும் போர்வைக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை.

சாக்கடலில் அரை நாள். மிதந்தோம், கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டு சித்தப்பா கத்தினார். அங்கே நீர்மட்டம் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது, கரைக்கு இறங்கும் படிகளை ஹோட்டல்காரர்கள் நீட்டிக்கொண்டே போகிறார்கள்.

அடுத்த முறை

இன்னொரு ஒன்பது பேரோடு மறுபடி போகப் பேச்சு நடக்கிறது. மாதம் ஏப்ரல் என்கிறார்கள். மழை அப்போதும் வரலாம், 1963 வெள்ளம் ஏப்ரலில்தான் வந்தது. ராஜபாதையில் கெராக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். வாதி மூசாவில் மூன்று இரவு. பாஸில் ஐந்து தினார் கூடுதலாகக் கொடுத்தால் பெட்ராவில் மூன்றாம் நாளும் கிடைக்கிறது, அந்த ஒரு நாளை மழைக்காகக் காலியாக வைக்கலாம். வானிலையை வாதி மூசாவுக்குப் பார்ப்பேன்.

வழிகாட்டி அதே ஆள்தான். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு பெட்ராவுக்கு வருகிறவர்கள் கூட்டம் பாதிக்கும் கீழே சரிந்தது; அவருக்கும் நீண்ட நாள் வேலையில்லாமல் இருந்திருக்கிறது. எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு முழங்கால் வலி என்று இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டேன். சின்ன பெட்ரா வழியாக மடாலயம் போகும் அணியை வைப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் எனக்கும் தங்கைக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. பாப்பா திரும்பவும் அந்த வழியில்தான் போவேன் என்கிறாள்.